ஆயா தோட்டத்துச் சதுப்பை மண் போட்டு மூடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "வெருலத்தில் எங்கள் ஆயாவின் தோட்டத்தை ஒட்டி ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. நாணல், தவளை, கொக்கு எல்லாம் உண்டு. நல்ல மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். 2022 வெள்ளத்துக்கு அப்புறம் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. பருவநிலை மாறுவதால் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து விலங்கு நோய்கள் அதிகமாகப் பரவும் என்று படித்தேன். மாமா பத்து லாரி மண் அடித்து மூடிவிடலாம் என்கிறார். மூடலாமா?"

மூட வேண்டாம், தங்கை. ஆனால் நீங்கள் படித்தது பொய்யும் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு 2009இல் இந்த நாட்டுக்கு வந்தவன். ஆடு மாடுகளின் பக்கத்திலிருந்துதான் இந்த விஷயத்தை எனக்குத் தெரியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஃப்ரீ ஸ்டேட், நார்தர்ன் கேப் மாகாணங்கள் பக்கம் காரில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். புல்வெளிக்கு நடுவே தாம்பாளம் கவிழ்க்காமல் வைத்த மாதிரி ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கும். இங்கே அவற்றை 'பான்' என்பார்கள், நாணல் வளர்ந்து ஈரமாக இருந்தால் 'ஃபிளே' என்பார்கள். பல வருஷங்களில் பான் வெறும் வெடித்த களிமண்தான், சித்திரை மாதத்துக் கண்மாய் போல. அந்தக் காய்ந்த மண்ணில், புல்லின் வேரடியில், ஒரு வகை ஏடிஸ் கொசுவின் முட்டைகள் கிடக்கின்றன. டெங்கு பரப்பும் கொசுவுக்கு இது ஒன்றுவிட்ட உறவு, ஆனால் பழக்கம் வேறு. வீட்டுத் தொட்டியில் முட்டை இடாது, தண்ணீரின் மேலும் இடாது. நீர் வற்றும் ஓரத்து ஈரமண்ணில்தான் இடும். அந்த முட்டை முதலில் காய வேண்டும், பிறகு நனைய வேண்டும். அப்போதுதான் பொரியும். நனையும் நாள் வரும் வரை வருஷக்கணக்கில் அப்படியே காத்துக் கிடக்கும்.

அந்த முட்டைகளில் சிலவற்றுக்குள் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலின் வைரஸும் இருக்கிறது. தாய்க் கொசு அதை முட்டைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறது. கென்யாவில் 1980களில், வெள்ளம் தேங்கிய பள்ளத்திலிருந்து கொசுப்புழுக்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அதுவரை எந்த உயிரையும் கடித்திராத அந்தக் கொசுக்களில் வைரஸ் இருந்தது. அதாவது விலங்கும் வேண்டாம், மனிதனும் வேண்டாம், வெறும் காய்ந்த சேற்றிலேயே ஒரு நோய் உயிரோடு தூங்க முடிகிறது. நான் படித்த விஷயங்களில் என்னை இவ்வளவு உலுக்கியது வேறு எதுவுமில்லை.

சரி, மழை வருகிறது. சாதாரண மழை இல்லை, பான் நிரம்பி வாரக்கணக்கில் வற்றாமல் நிற்கிற மழை. முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிகின்றன. முதல் கொசுக்கூட்டம் மேய்ச்சலுக்கு வந்த செம்மறிகளையும் மாடுகளையும் கடிக்கிறது. ஆட்டின் ரத்தத்தில் வைரஸ் மளமளவென்று பெருகுகிறது. தண்ணீர் இன்னும் நின்றால் கியூலெக்ஸ் கொசுக்கள் வந்து சேர்கின்றன. இவை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு, பண்ணையிலிருந்து பண்ணைக்கு நோயைச் சுமக்கின்றன. சினை ஆடுகள் மந்தையோடு குட்டி வீசும், அதாவது கரு கலைந்துபோகும். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகளில் பத்துக்கு ஒன்பது செத்துப்போகும்.

இந்த நோயை 1930இல் கென்யாவின் நைவாஷா ஏரிக் கரையில் ஒரு செம்மறிப் பண்ணையில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1950-51இல் வந்தபோது ஒரு லட்சம் செம்மறிகள் செத்தன, ஐந்து லட்சம் ஆடுகள் குட்டி வீசின என்பது அன்றைய மதிப்பீடு. அடுத்த பெரிய கொள்ளைநோய் 1974-75இல், பசிபிக் கடல் குளிர்ந்து இங்கே மழையைக் கூட்டும் 'லா நினா' காலத்தில். அதற்கடுத்தது 2010-11இல். இடைவெளிகளைக் கவனியுங்கள். ஒரு தலைமுறை விவசாயி பட்டதை அடுத்த தலைமுறை மறந்துபோகப் போதுமான காலம் அது.

2010இல் நான் இங்கே புதியவன். ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பண்ணைக்கு மூத்த மருத்துவரோடு போயிருந்தேன். காலையில் பட்டியைத் திறந்தால் தரையெங்கும் செத்த குட்டிகள், நஞ்சுக்கொடியோடு. வேலையாட்கள் வெறும் கையால் அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் காரிலிருந்து இறங்கும் முன்பே கத்தினார், தொடாதீர்கள் என்று. ஏனென்றால் மனிதர்களுக்கு இந்த நோய் வருவது கொசுக்கடியால் குறைவு, ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் தொடுவதால்தான் அதிகம். அந்த வருஷம் நாட்டில் 200க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது, 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பண்ணையாட்கள், கறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள், எங்கள் தொழில்காரர்கள். வந்தவர்களில் மிகப் பலருக்கு வெறும் காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் போய்விடும். சிலருக்குக் கண்பார்வை போகும். மிகச் சிலருக்கு ரத்தக் கசிவு வரும், அப்படி வந்தவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. அந்தப் பண்ணைக்காரரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டோம். அப்பா காலத்தில் போட்டோம், அப்புறம் நோயே வரவில்லையே என்று விட்டுவிட்டோம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷம் வராத நோய்க்கு யார் வருஷாவருஷம் காசு செலவழிப்பார்கள்?

இப்போது பருவநிலைக்கு வருகிறேன். மேலே சொன்ன கதையில் நோயைக் கிளப்பியது எது? சதுப்பு இருந்ததா? அது ஆயிரம் வருஷமாக இருக்கிறது. நீண்ட வறட்சி, அதற்குப் பின்னால் ஒரே அடியாக வெள்ளம் என்கிற அந்தத் தாளம்தான் கிளப்பியது. புவி சூடாவது அந்தத் தாளத்தைத்தான் மாற்றுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைப் பிடித்து வைக்கும். மழை இல்லாத நாட்களில் அதே காற்று மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மழை வரும் நாளில் மொத்தமாகக் கொட்டும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் கொட்டியது உங்களுக்கே தெரியும். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டர், 400க்கும் அதிகமான உயிர்கள். அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், முன்பு 40 வருஷத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய மழை இப்போது 20 வருஷத்துக்கு ஒருமுறை என்றாகிவிட்டது என்றார்கள். வெப்பம் இன்னொன்றும் செய்கிறது. கொசு குடித்த ரத்தத்திலிருந்து வைரஸ் அதன் எச்சிலுக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். சூடு கூடினால் அந்த நாட்கள் குறையும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள் என்னும்போது, ஒன்றிரண்டு நாள் குறைந்தாலே அது இன்னும் ஒருவரைக் கடிக்க நேரம் கிடைத்துவிடும்.

பறவைகளிலிருந்து வரும் வெஸ்ட் நைல் காய்ச்சலும் இப்படித்தான். 1974இல் காரூவில் பெருமழை பெய்து வறண்ட பூமி ஏரியானபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தது. அது வழக்கமாக மழைக்கு ஏங்கும் ஊர் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் குவாசுலு-நாட்டல் மாகாணத்தின் வடக்குக் கோடியில் உண்டுமோ பக்கம் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் குளங்கள், வெள்ளச் சமவெளிகள். அங்கே மாடு, ஆடு, நியாலா மான்களின் ரத்தத்தைச் சோதித்தபோது ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதாவது வைரஸ் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் கொள்ளைநோயாக வெடிக்கவில்லை. அது ஏன் என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஈரமும் நோயும் ஒன்றல்ல என்பதற்கு எனக்கு அந்த ஊரே போதும்.

வெருலத்துக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், உங்கள் ஆயாவின் தோட்டத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்தக் கொசு இல்லை. எலி.

தமிழ்நாட்டில் எலிக்காய்ச்சல் என்போமே, அதே நோய். எலியின் சிறுநீரில் அந்த பாக்டீரியா வரும். ஈரமான, கதகதப்பான மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் ஒரு சிராய்ப்பு, நீரில் ஊறிச் சுருங்கிய தோல், கண், இவற்றின் வழியே உடம்புக்குள் போகும். டர்பனின் கேட்டோ மேனரில் கேட்டோ கிரெஸ்ட் குடியிருப்பில் 2000களில் ஓர் ஆய்வு செய்தார்கள். எலிகளில் இந்தக் கிருமி இருந்தது. அங்கே வசித்தவர்களில் சோதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, என்றோ இந்த நோய் வந்துபோன தடயம் ரத்தத்தில் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது எலிக்காய்ச்சல் என்றே தெரிந்திருக்காது. சாதாரண ஃப்ளூ என்று படுத்து எழுந்திருப்பார்கள்.

வெள்ளம் வந்தால் என்ன ஆகிறது? வளைகள் மூழ்கி எலிகள் மேட்டுக்கு, அதாவது வீடுகளுக்கு, வருகின்றன. கழிவுநீர்க் குழாய் உடைகிறது, குப்பை வண்டி வருவதில்லை. 2022இல் உங்கள் பக்கத்து ஊரான டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் மக்கள் வாளியோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். சேற்றைக் கழுவவே தண்ணீர் இல்லாதபோது காலைக் கழுவு, கையைக் கழுவு என்று யாரிடம் சொல்வது? பருவநிலை மாற்றம் நோயைக் கொண்டுவருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நடுவே இத்தனை கைகள் இருக்கின்றன.

இந்தத் தாழ்நிலங்களில் நம் ஆட்கள் ஏன் குடியிருந்தார்கள் என்பதும் இதில் சேர்ந்ததுதான். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தவர்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆற்றோரச் சேற்றுநிலம். அதில்தான் கீரையும் கறிவேப்பிலையும் மதும்பி என்கிற சேப்பங்கிழங்கும் போட்டு டர்பனுக்கே சோறு போட்டார்கள். 1905 வெள்ளம் உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலைக் கொண்டுபோனது. பிற்பாடு கேட்டோ மேனரில் மறுபடி எழுப்பினார்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்டை மூழ்கடித்தபோது, படவட்டன் குடும்பத்தாரும் அவர்கள் கூட்டாளிகளுமான ஆறு மீனவர்கள் ஒரு படகை வைத்துக்கொண்டு 176 பேரைக் கரை சேர்த்தார்கள். உங்கள் ஆயாவுக்கு இந்தக் கதை நிச்சயம் தெரிந்திருக்கும், கேட்டுப்பாருங்கள். ஆற்றுக்கு அதன் இடத்தை விட வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். வேறு இடம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தண்ணீரில் இறங்குபவரின் தோல் வழியே புகும் ஒரு புழுவால் வரும் பில்ஹார்சியா நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பருவநிலை ஒரே திசையில் தள்ளவில்லை. அந்தப் புழுவைச் சுமக்கும் நன்னீர் நத்தைகளுக்கு 25 டிகிரி பக்கத்தில் உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். 30ஐத் தாண்டிப் போனால் அவை தளர்ந்துவிடும். ஆகவே சூடு கூடினால் தாழ்ந்த, வெப்பமான இடங்களில் குறையலாம். இதுவரை குளிர்ச்சியால் தப்பித்த மேட்டுநிலங்களுக்கும் தெற்கே ஈஸ்டர்ன் கேப் பக்கத்துக்கும் நகரலாம். எல்லா நோயும் ஏறிக்கொண்டே போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில ஏறும், சில இடம் மாறும், சில குறையவும் குறையும்.

இந்த நத்தைக் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. செனகல் ஆற்றின் முகத்தில் 1986இல் தியாமா அணை கட்டினார்கள். முட்டையிடக் கழிமுகத்துக்குப் போய்வரும் ஆற்று இறாலுக்கு வழி அடைபட்டது. நத்தையைத் தின்று குறைவாக வைத்திருந்தது அந்த இறால்தான். சில வருஷங்களில் மேலே இருந்த ஊர்களில் பில்ஹார்சியா இதுவரை காணாத அளவுக்குப் பரவியது. பிறகு ஓர் ஊரின் நீர்த்துறையில் இறாலைத் திரும்ப விட்டுப் பார்த்தபோது நோய்த்தொற்று குறைந்தது.

அதனால்தான் மாமாவின் மண் லாரிக்கு நான் வேண்டாம் என்கிறேன். உயிருள்ள சதுப்பில் மீன் இருக்கும், தவளை இருக்கும், தண்ணீருக்குள் வாழும் தட்டான் குஞ்சு இருக்கும். இவை கொசுப்புழுவைத் தின்றுதான் வளர்கின்றன. மண் அடித்து மூடினால் மழை நின்றுவிடப் போவதில்லை. அதே தண்ணீர் பக்கத்து வீட்டுக் கொல்லையிலும், டயர் தடத்திலும், அடைபட்ட சாக்கடையிலும் நிற்கும். அங்கே தவளையும் தட்டானும் கிடையாது. சாக்கடைக் கொசுவுக்கும் எலிக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாணல் பிடித்து வைத்து மெல்ல விடுகிற வெள்ளமும் ஒரே பாய்ச்சலாகக் கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் போகும். இது தவிர, 1998 தேசிய நீர்ச் சட்டப்படி உரிய அனுமதி இல்லாமல் ஈரநிலத்தில் கைவைக்கக் கூடாது. இந்த நாட்டின் ஈரநில வகைகளில் 79 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன என்று 2018 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மிச்சம் இருப்பதில் ஒன்று உங்கள் ஆயாவின் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மூடாமல் என்ன செய்வது? சதுப்பின் நடுவை விட்டுவிடுங்கள், அதன் ஓரத்தைக் கவனியுங்கள். குப்பை, பிளாஸ்டிக் டப்பா, பழைய டயர் எதுவும் கரையில் கிடக்கக் கூடாது. கோழித் தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், எலி பாதி குறைந்துவிடும். பக்கத்துக் கழிவுநீர்க் குழாய் எங்காவது கசிந்து சதுப்பில் கலந்தால் விடாமல் நகராட்சிக்குப் புகார் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆயா வெறுங்காலோடுதான் மதும்பி பறிப்பார், நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். ஒரு ஜோடி கம்பூட்ஸ், அதாவது ரப்பர் பூட்ஸ், வாங்கிக் கொடுங்கள். மறுத்தால், காலில் புண் இருக்கும் நாளிலும் பெருமழைக்கு அடுத்த இரண்டு மூன்று வாரமும் மட்டுமாவது போடச் சொல்லுங்கள்.

வெள்ளத் தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகத் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் எலிக்காய்ச்சல் அவர் நினைவுக்கு வரும். நேரத்தோடு பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே குணமாகும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் என்று போகும்.

கடைசியாக ஆடுகள். ஆயா ஆடு வளர்ப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் வெருலத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு ஒன்றாவது இல்லாத தோட்டம் நான் பார்த்ததில்லை. இருந்தால், அக்டோபர் மழைக்கு முன், ஆகஸ்டிலேயே ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். நம் கரையோரத்தில் ஆபத்து குறைவுதான். ஆனால் மழை கொட்டிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் மருந்து கிடைக்காது. கிடைத்தாலும் எதிர்ப்புச் சக்தி வர நாளாகும். சினையாக இருக்கிறதா என்று முதலில் சொல்லிவிடுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி சினை ஆட்டுக்கு ஆகாது, அதற்கு வேறு ஊசி உண்டு. எந்த ஆடாவது குட்டி வீசினால் வெறுங்கையால் தொடாமல் அரசுக் கால்நடை அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள். மாரியம்மனுக்கு ஆடு வெட்டும் வீடுகளில், வெட்டுகிறவரும் தோலுரிக்கிறவரும் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கைக்காயம் இருப்பவர் அன்றைக்கு வேறு வேலை பார்க்கட்டும். நன்றாக வெந்த கறியால் ஒரு பயமும் இல்லை. ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மாமா இன்னும் மண் லாரி என்றே பேசினால், மழை விட்ட ஒரு சாயங்காலம் அவரைச் சதுப்போரம் கூட்டிப்போங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் நாணலடித் தண்ணீரையும், இன்னொன்றில் தெருமுனைச் சாக்கடைத் தண்ணீரையும் மொண்டு வையுங்கள். எதில் கொசுப்புழு அதிகம் நெளிகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.